இலவச சேர்ட்டிபிகேட் தளத்தில கார்ட் நம்பர் அடிக்கலாமோ?

நிலாவெளிக் காத்து:
நேற்று ஒருத்தர் இங்க எழுதியிருக்கிறார், உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ் தளத்தில போட்டிருக்கிறது லெட்ஸ் என்கிரிப்ட் எண்ட அமைப்பு ஓசியில குடுக்கிற சேர்ட்டிபிகேட்டாம், அந்தத் தளத்தில கார்ட் நம்பர் அடிச்சால் காசு போயிடுமாம். சேர்ட்டிபிகேட் எண்டது தளத்தின்ர முகவரியை உறுதிப்படுத்தி, நாங்கள் அடிக்கிறதை வழியில ஒருத்தரும் வாசிக்க ஏலாமல் குறியாக்க உதவுற சாமான். காசுக்கு வாங்கினாலும் ஓசியில எடுத்தாலும் குறியாக்கம் ஒண்டுதான். ஆர் இப்பிடிப் புரளி கிளப்புறது?

கோணமலையான்:
எழுதினது நான்தான் தம்பி. 90 நாளில செத்துப்போற சாமானை நம்பச் சொல்லுறீர்.

நிலாவெளிக் காத்து:
90 நாள் வேணுமெண்டே வச்சது அண்ணன். சேர்ட்டிபிகேட்டின்ர ரகசியச் சாவி களவு போனாலும் கள்ளன் கனகாலம் பாவிக்க ஏலாது. புதுப்பிக்கிறதை சேர்வரே தன்பாட்டில செய்யும். காசுக்கு விக்கிறவையின்ர நாளும் குறையுது, 2029ல ஆகக்கூடினது 47 நாள்தான்.

கோணமலையான்:
90 நாள்! பால்மா பக்கற் கூட அதைவிடக் கூட நாள் நிக்கும்.

சல்லிக் கரை:
எங்கட கடைக் கொம்பியூட்டரில எந்தத் தளத்தைத் திறந்தாலும் சேர்ட்டிபிகேட் பிழை எண்டு வந்தது. பாத்தால் மதர்போர்ட் பற்றரி செத்து, திகதி 2009இல நிக்குது. அந்தத் திகதிக்கு சேர்ட்டிபிகேட் செல்லாது எண்டு கொம்பியூட்டர் நினைச்சிருக்கு. சேர்ட்டிபிகேட்டில ஒரு பிழையும் இல்ல.

கோணமலையான்:
அந்தக் கடைக் கொம்பியூட்டரைப் பற்றி நான் வாய் திறந்தால் நல்லாயிராது.

சல்லிக் கரை:
கடையை இழுக்காதையும். பிறின்ற் எடுத்த காசு இன்னும் வரேல்ல.

அன்புவழிபுரத்தாள்:
கள்ளத் தளமும் சேர்ட்டிபிகேட் எடுக்கலாம். வழியில ஒருத்தரும் வாசிக்க ஏலாது, நீங்கள் திறந்த முகவரி அதுதான், இவ்வளவுதான் சேர்ட்டிபிகேட் சொல்லும். அங்கால இருக்கிறவன் நல்லவனோ எண்டு சொல்லாது. சனம் பிழையா விளங்குது எண்டுதான் குரோம் 2023இல முகவரிக்குப் பக்கத்தில இருந்த பூட்டுப் படத்தையே எடுத்தது.

கோணமலையான்:
பாத்தீங்களே, பூட்டையே கழட்டிட்டாங்கள்! எல்லாம் ஓசியால வந்த வினை.

அன்புவழிபுரத்தாள்:
நான் எழுதினதை வாசிச்சனீங்களோ?

நிலாவெளிக் காத்து:
டிஜிநோட்டார் எண்ட நெதர்லாந்துக் கொம்பனி சேர்ட்டிபிகேட்டைக் காசுக்குத்தான் வித்தது. 2011இல அவையின்ர கொம்பியூட்டருக்குள்ள களவாப் புகுந்தவங்கள் கூகுள் பேரிலயே கள்ள சேர்ட்டிபிகேட் எடுத்து, ஈரானில சனத்தின்ர ஜிமெயிலுக்குள்ள கை வச்சாங்கள். அதே வருசம் கொம்பனி வங்குரோத்து. குடுத்த காசு என்னத்தைக் காப்பாத்தினது?

கோணமலையான்:
நெதர்லாந்து எனக்கெதுக்கு? நான் கதைக்கிறது உப்புவெளி. அந்தத் தளத்தை ஆர் செய்து குடுத்தது எண்டு ஊருக்கே தெரியும். அதுதான் தம்பிக்கு இவ்வளவு சூடு.

நிலாவெளிக் காத்து:
ஓம், நான்தான் செய்தன். அந்த வேலையைச் செய்ய நீங்களும் விலை சொன்னனீங்கள். சேர்ட்டிபிகேட்டுக்கு மட்டும் எவ்வளவு போட்டனீங்கள் எண்டு இங்க எழுதட்டோ?

கோணமலையான்:
எழுதும். என்ர ஒண்டும் 90 நாளில சாகாது.

சல்லிக் கரை:
பிறின்ற் காசு, அண்ணன்?