எசென் விளையாட்டுக் காட்சி: ஒருமுறை ஆடியதை வைத்து மதிப்புரை எழுதலாமா?

வெட்டாத காய் (கேள்வி)

அலுவலகப் பணிக்காக வரும் அக்டோபரில் டூசல்டார்ஃப் நகரில் மூன்று வாரம் தங்கவிருக்கிறேன். பக்கத்து நகரமான எசெனில் நடைபெறும் ‘ஷ்பீல்’ பலகை விளையாட்டுக் காட்சியும் அந்த நாள்களுக்குள் வந்துவிடுவதால், விடுப்பெடுத்துக்கொண்டு நான்கு நாளும் போய்வருவதென்று முடிவு செய்து நுழைவுச்சீட்டும் வாங்கிவிட்டேன். மூன்று ஆண்டுகளாகப் பலகை விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறேன். இதில் எனக்கு வருமானம் ஏதுமில்லை. கோயம்புத்தூரில் ஞாயிறுதோறும் கூடும் நண்பர்களோடு ஒரு விளையாட்டைக் குறைந்தது நான்கு முறையாவது ஆடிய பிறகே எழுதுவது என்பது நானாக வைத்துக்கொண்ட ஒழுங்கு.

காட்சியில் அந்த ஒழுங்கைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் என் தயக்கம். பலகை விளையாட்டுகளுக்கான இணையதளமான போர்டுகேம்கீக்கின் முன்னோட்டப் பட்டியலிலிருந்து 60 விளையாட்டுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஆடிவிட்டு வந்து எழுதினால் அதை மதிப்புரை என்று சொல்வது நியாயமாகுமா? வெளியீட்டாளர்களிடம் மதிப்புரைப் பிரதி (எழுதுவதற்காக இலவசமாகத் தரப்படும் பிரதி) கேட்பது முறைதானா, கேட்பதென்றால் எப்போது கேட்க வேண்டும் என்பதையும் சென்றுவந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

விதிப்புத்தகம் (மறுமொழி)

முதலில் அந்த 60ஐ 15 ஆகக் குறையுங்கள். வியாழன் முதல் சனி வரை காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரை காட்சி நடக்கும். ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிடும். நான்கு நாளும் சேர்த்து 35 மணி நேரம்தான். பெட்டியின் மேல் 60 நிமிடம் என்று அச்சிட்டிருக்கும் விளையாட்டுக்கு, மேசை காலியாகும்வரை பின்னால் நிற்கும் நேரத்தையும் விதிகளைக் கேட்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். 2024ஆம் ஆண்டு 2,04,000 பேர் வந்தார்கள் என்பதையும், அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே பட்டியலோடுதான் வருகிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எந்தத் திட்டமும் போடாதீர்கள். அன்று நடைபாதையைக் கடப்பதே ஒரு வேலை.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். அங்கே நாம் ஆடுவது விளையாட்டை மட்டுமல்ல, அதை விளக்குபவரின் திறமையையும் சேர்த்துத்தான். அரங்குகளில் விதி சொல்லித் தருபவர்களை ஜெர்மானியர்கள் வேடிக்கையாக ‘எர்க்ளேர்பேர்’, அதாவது ‘விளக்கும் கரடி’ என்று அழைப்பார்கள். நல்ல கரடி கையில் சுமாரான விளையாட்டும் மின்னும். காலையிலிருந்து ஒரே விளக்கத்தைப் பத்தாவது முறையாகச் சொல்லிக் களைத்துப்போனவர் கையில் அருமையான விளையாட்டும் உப்புச்சப்பற்றுப் போகும்.

நான் முதன்முறை சென்றபோது ஒரு ஏல விளையாட்டை ஆடிவிட்டு, ‘முதல் சுற்றில் முந்தியவரை யாராலும் பிடிக்க முடியாது, சமநிலையே இல்லை’ என்று அன்றிரவே கடுமையாக எழுதி வெளியிட்டேன். இரண்டு நாள் கழித்து அதன் வடிவமைப்பாளரே மிகுந்த பணிவோடு மடல் எழுதினார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முன்னணியில் இருப்பவர் பணத்தில் பாதியைத் திருப்பித்தர வேண்டும் என்ற விதி புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்தது. எங்களுக்கு விளக்கியவர் அதைச் சொல்ல மறந்திருக்கிறார். நான் விதிப்புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. திருத்தம் வெளியிட்டேன், ஆனால் முதல் பதிவைப் படித்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தையும் படித்திருப்பார்கள்? அன்றிலிருந்து இந்தப் புனைபெயரில்தான் எழுதுகிறேன்.

மேலும், பல அரங்குகளில் இரண்டு மூன்று சுற்றோடு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அடுத்தவர்கள் காத்திருப்பதால். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டியெழுப்பும் வகை விளையாட்டுகளில் முதல் பாதி எப்போதுமே இனிமையாகத்தான் இருக்கும். கடைசிப் பகுதியில்தான் புள்ளிக்கணக்கு இழுத்தடிக்கிறதா, ஒரே வழியில் போனவரே திரும்பத் திரும்ப வெல்கிறாரா என்பதெல்லாம் தெரியவரும். அந்தப் பகுதியைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஆகவே ‘மதிப்புரை’ என்று தலைப்பிடாமல் ‘காட்சிக் குறிப்பு’ என்று எழுதுங்கள். எத்தனை பேர் ஆடினீர்கள், எத்தனை சுற்று ஆடினீர்கள், மேசையில் இருந்தது அச்சான பதிப்பா மாதிரியா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எழுந்தவுடன் குறிப்பெடுத்துவிடுங்கள், ஒரே நாளில் நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு எந்த மரக்காய் எந்த விளையாட்டில் இருந்தது என்பதே குழம்பிவிடும். முழு மதிப்புரைக்கு அவசரம் வேண்டாம். 2017 காட்சியில் அறிமுகமான ‘அசுல்’ விளையாட்டுக்கு ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருது கிடைத்தது 2018 கோடையில்தான். முழுக்க முழுக்க விமர்சகர்களே அமர்ந்திருக்கும் அந்த நடுவர் குழு பல மாதம் ஆடிப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருகிறது.

கடைசி மேசை (மறுமொழி)

மேலே எழுதியவரோடு பாதிதான் உடன்படுகிறேன். இருபது நிமிடச் சீட்டு விளையாட்டை அங்கேயே இரண்டு முறை முழுமையாக ஆடிவிடலாம். அதைப் பற்றி உறுதியாக எழுதுவதில் தவறேதும் இல்லை. பெரிய விளையாட்டுகளிலும் சில குறைகள் ஒரே அமர்வில் தெரிந்துவிடும்: எதிர்ப்பக்கம் அமர்ந்தால் படிக்க முடியாத பொடி எழுத்து, நிறக்குருடு உள்ளவரால் பிரித்தறிய முடியாத பச்சைக் காயும் பழுப்புக் காயும், ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் புரட்ட வைக்கும் குறியீடுகள். இவற்றைச் சொல்ல ஐந்தாவது ஆட்டம்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காட்சி நாள்களில், ஆடியவர்கள் போடும் மதிப்பெண்ணை வைத்து வரும் ‘மிகவும் பேசப்படும் விளையாட்டுகள்’ பட்டியலை நம்பி உங்கள் நேரத்தைப் பங்கிடாதீர்கள். ஒரு விளையாட்டுக்கு மதிப்பெண் போடுபவர்கள், அதை ஆடுவதற்காகவே ஒரு மணி நேரம் நின்றவர்கள். அவ்வளவு நேரம் நின்றவர், ‘பரவாயில்லை, சுமார்தான்’ என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வது கடினம்.

இரண்டாம் சுற்று (மறுமொழி)

மதிப்புரைப் பிரதி குறித்து மட்டும் எழுதுகிறேன். கேட்பது முறைதான், ஆனால் சனிக்கிழமை பிற்பகலில், விற்பனைக்கு வரிசை நிற்கும்போது, அரங்கில் நின்று கேட்பது முறையல்ல. மூன்று நான்கு வாரம் முன்னதாகவே மடல் அனுப்பி, உங்கள் பழைய மதிப்புரைகளின் சுட்டிகளையும் வாசகர் எண்ணிக்கையையும் உள்ளபடியே தெரிவியுங்கள். எண்ணிக்கை சிறியதென்றால் சிறியதென்றே எழுதுங்கள். ஊடக அனுமதிச் சீட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் நிபந்தனைகளைக் காட்சி அமைப்பாளர்களின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு வெளியீட்டாளர்களின் அரங்கில் பெரும்பாலும் கணவனும் மனைவியுமோ இரண்டு நண்பர்களோதான் இருப்பார்கள். ஒரு பிரதியை இலவசமாகக் கொடுத்தால் அன்றைய அரங்கு வாடகையில் ஒரு துண்டு போயிற்று என்று பொருள். தமிழில் எழுதுவதால் அவர்களுக்கு எத்தனை பிரதி கூடுதலாக விற்கும் என்பதை நினைத்துப் பார்த்து, அவர்களிடம் நான் காசு கொடுத்தே வாங்கிவிடுகிறேன்.

இலவசமாகப் பெற்றால் அதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் பணம் மட்டுமன்றி இலவசப் பொருள்களையும் நிறுவனத்தோடு நமக்குள்ள, வெளிப்படுத்த வேண்டிய தொடர்பாகவே கருதுகிறது. ஆனால் என் அனுபவத்தில் பெட்டியின் விலை நம்மைச் சாய்ப்பதைவிட, நமக்கு எதிரே அமர்ந்து தம் மூன்றாண்டு உழைப்பை ஆர்வத்தோடு விளக்கிய வடிவமைப்பாளரின் முகம் சாய்ப்பதுதான் அதிகம். அவரோடு ஆடினீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

வெட்டாத காய்

மூவருக்கும் மிக்க நன்றி. பட்டியலை 18 ஆகக் குறைத்துவிட்டேன். அவற்றில் ஏழு சிறிய சீட்டு விளையாட்டுகள். ஆடப்போகும் பெரிய விளையாட்டுகளின் விதிப்புத்தகங்களை முன்கூட்டியே தரவிறக்கிப் படித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றுகிறது. விளக்குபவர் எதையாவது விட்டுவிட்டால் அங்கேயே கேட்டுவிடலாம். காட்சிக் குறிப்பை அன்றன்று எழுதுவதாகவும், வாங்கிவரும் நான்கைந்து விளையாட்டுகளுக்கு மட்டும் பொங்கலுக்குப் பிறகு முழு மதிப்புரை எழுதுவதாகவும் முடிவு செய்திருக்கிறேன். பெட்டிகளை ஊருக்குக் கொண்டுவருவதில் ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

கடைசி மேசை

பெட்டிக்குள் பாதி காற்றுதான். சிறிய விளையாட்டுகளைப் பெரிய பெட்டிக்குள் அடக்குங்கள். எடை மட்டும் குறையாது என்பதால் விடுதியில் ஒரு தராசு இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்ற முறையில், ஒரே ரசீதில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெற இயலும். எல்லா அரங்கும் அதற்கான படிவத்தைத் தருவதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பொருளைக் காட்டிச் சுங்க முத்திரை வாங்க வேண்டியிருப்பதால், விமான நிலையத்தில் பயணப் பெட்டியை ஒப்படைத்துவிட்டுச் சுங்கச் சாளரத்துக்குப் போகாதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் போய் நின்றேன்.