ஹாஸ்கெலில் நிரப்பு உரை: ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி:
தமிழ்ச் சிற்றிதழ் ஒன்றுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். லோரம் இப்சம் (பொருளற்ற லத்தீன் நிரப்பு உரை) போட்டுப் பார்த்தால் ஒன்றும் புரிபடவில்லை. தமிழ் எழுத்து வரிக்கு மேலும் கீழும் எவ்வளவு இடம் கேட்கும் என்பது அதில் தெரியாது. அதனால் வரிக்கு ஒரு தமிழ்ச்சொல்லாகக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன். ஹாஸ்கெல் நிரல்மொழியில், ஜெனரேட்டரை (தற்செயல் எண்களை உருவாக்குவது) கொடுத்தால் ஒரு சொல்லைத் தரும் ஃபங்ஷன் எழுதி, ரெப்ளிகேட் (ஒன்றையே பலமுறை அடுக்குவது) போட்டு 60 சொல் கேட்டால் "வயல் வயல் வயல்" என்றே வருகிறது. பைத்தானில் இப்படி ஆகாதே? எல்லாவற்றையும் ஐஓவுக்குள் (உள்ளீடு, வெளியீடு போன்ற வேலைகளுக்கான பகுதி) தள்ளாமல் வழி உண்டா?

பதில் 1:
பைத்தானில் ஜெனரேட்டரின் நிலை உள்ளுக்குள் தானே மாறிக்கொண்டிருக்கும். ஹாஸ்கெலில் அதுவும் ஒரு மதிப்புதான். அதையே கொடுத்தால் அதே விடைதான் வரும். ரேண்டம்ஆர் (வரம்புக்குள் ஒரு தற்செயல் எண் தரும் ஃபங்ஷன்) விடையோடு புது ஜெனரேட்டரையும் தருகிறது, அதை அடுத்த அழைப்புக்குக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் சுலபம்: ரேண்டம்ஆர்எஸ் முடிவில்லாத எண் பட்டியல் தரும். டேக் 60 (முதல் 60 எண்ணை எடுக்க), மேப் (ஒவ்வொன்றையும் சொல்லாக்க), அன்வேர்ட்ஸ் (இடைவெளி விட்டுச் சேர்க்க), அவ்வளவுதான். சொற்களை லிஸ்டில் வைக்காமல் வெக்டரில் (எந்த இடத்தையும் நேரடியாக எடுக்கலாம்) வையுங்கள், லிஸ்டில் "!!" (n-ஆவது உறுப்பை எடுப்பது) ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு போகும்.

பதில் 2:
நியூஸ்டிடிஜென் (ஒவ்வொரு முறையும் புது ஜெனரேட்டர் தருவது) வேண்டாம், சீட் எண்ணை (ஜெனரேட்டரின் தொடக்க எண்; அதே எண்ணுக்கு அதே வரிசை வரும்) நீங்களே கொடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நான் பாடநூல் பக்கங்கள் கோக்கிறவன். ஒரு பக்கத்தில் "ஸ்ரீ"யின் தலை மேல்வரியின் "கூ"வில் இடித்தது. சீட் எண்ணைப் பக்கத்தின் அடியிலேயே அச்சிடுவது வழக்கம் என்பதால், அதே பக்கத்தை மறுபடி எடுத்து வரி இடைவெளியைச் சரிசெய்ய முடிந்தது. சீட் தெரியாவிட்டால் அந்த இரண்டு எழுத்தும் மறுபடி எப்போது மேலும் கீழுமாகச் சந்திக்கும்?

ஜெனரேட்டரை ஸ்ப்ளிட் செய்து தனித்தனியான இரண்டாக்குங்கள். ஒன்று வாக்கிய நீளத்துக்கு (4 முதல் 11 சொல் போதும்), மற்றொன்று சொற்களுக்கு. நீளத்தின் வரம்பை மாற்றினாலும் சொல் வரிசை கலையாது. பட்டியலில் "ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது" மாதிரிச் சொற்களும் கட்டாயம் இருக்கட்டும். குறுகிய பத்தியை உடைப்பது அவைதான்.

பதில் 3:
பிரிண்ட் போட்டால் "தமிழ்" என்பது \2980\2990\3007\2996\3021 என்று வரும், உரையை அப்படியே காட்டும் புட்ஸ்டிரிங்எல்என் பயன்படுத்துங்கள். லெங்த் (நீளம் தரும் ஃபங்ஷன்) குறியீடுகளை எண்ணுவதால் அதற்கு 5 என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியும் எழுத்து 3. பத்தி அகலத்தை லெங்த் வைத்துக் கணக்கிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி, சொற்கள் கலந்து வருகின்றன. சீட் 7இல் அந்த நீளச்சொல் பத்தியை விட்டு வெளியே நீட்டுகிறது. முதலில் அதைப் பார்க்கிறேன்.