கனடாவிலிருந்து வந்த பாஸ் மீன் இரைகள் நம் கொடுவாவுக்கு எடுபடுமா?

உப்புவெளி வாசி

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் வாழும் என் அத்தான் ஆடி அமாவாசைக்குக் கோணேஸ்வரம் வந்திருந்தபோது, தான் அங்கே ஸ்மோல்மவுத் பாஸ் பிடிக்கப் பயன்படுத்தும் செயற்கை இரைகளில் ஒரு பெட்டியை என்னிடம் விட்டுச் சென்றார். இருபது ஆண்டுகளாக உயிர் இறாலும் கைத்தூண்டிலுமாகவே மீன் பிடித்துப் பழகிய எனக்கு ரொட் எனும் தூண்டிற்கோலும் நூல் சுற்றும் ரீலும் புதியவை. பெட்டியில் கணவாய்க் குஞ்சைப் போன்ற பழுப்புப் பச்சை நிற ரியூப் (குழாய்) இரைகளும், 11 சென்ரிமீற்றர் நீளமுள்ள வெள்ளி நிறச் சிறுமீன் வடிவ ஜேர்க்பெயிற் இரண்டும், காளான் தலை போன்ற ஈயத்தில் கோக்கும் கட்டையான இறப்பர்த் துண்டுகளும், நீர்மட்டத்தில் மிதக்கும் ஒரு பொப்பரும் இருக்கின்றன.

உட்துறைமுகக் கரையில் மூன்று காலைகள் ரியூப் இரையை எறிந்து இழுத்தும் ஒரு கொத்துக்கூடக் கிடைக்கவில்லை. நான்காம் நாள் கிண்ணியாப் பாலத்தருகே ஜேர்க்பெயிற்றை எறிந்தபோது நல்லதொரு கொடுவா பிடித்தது. தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியதைக் கண்ணால் கண்டேன். பின்பு தங்கூசி தொய்ந்துவிட்டது. இரையை இழுத்துப் பார்த்தால், வால்புற மும்முள்ளின் இரண்டு முனைகள் வெளிப்பக்கமாக விரிந்து, ஏறக்குறைய நேர்க்கம்பியாகியிருந்தன.

இந்த இரைகளை அங்கே எவ்வாறு இயக்குகிறார்கள், இவற்றுள் எவை நம் நீருக்குப் பொருந்தும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

சிம்கோ ஏரிக்கரை

தம்பி, நானும் திருகோணமலையில் பிறந்து இப்போது ஒன்ராறியோவில் இருப்பவன்தான். பதினைந்து கோடைகளாக இந்த மீனைத் தேடிக்கொண்டிருப்பதால், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்மோல்மவுத் பாஸ் தெளிந்த, குளிர்ந்த நன்னீரில், கற்கள் நிறைந்த அடித்தளத்தை நாடும் மீன். மேற்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டாதிருப்பதாலேயே அதற்குச் சிறுவாய் என்ற பெயர் வந்தது. இது வரை பிடிபட்டவற்றுள் மிகப் பெரியதாகக் கொள்ளப்படுவது 1955 இல் அமெரிக்காவின் டேல் ஹொலோ ஏரியில் கிடைத்த, 12 இறாத்தலுக்கு ஓர் அவுன்ஸ் மட்டுமே குறைந்த மீனாகும். ஆனால் இங்கே ஐந்து இறாத்தல் மீன் ஒன்று கிடைத்தாலே அந்தக் கோடைக்கு அது போதும் என்று நான் நினைப்பதுண்டு.

அதன் முதன்மையான உணவு, கற்களுக்கிடையில் ஒளிந்து வாழும், சிங்கி இறாலின் சிறு வடிவம் போன்ற கிரேஃபிஷ். 1990 இல் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நிறைநீர் வழியாக வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்த வட்டக் கோபி என்னும் சிறு மீனையும் இப்போது அது மிகுதியாக உண்கிறது. இவ்விரண்டுமே அடித்தளத்தை ஒட்டி வாழ்பவை. நீங்கள் எறிந்த ரியூப் இவ்விரண்டையும் ஒருங்கே ஒத்திருப்பதால்தான் இங்கே அதற்கு அவ்வளவு மதிப்பு. அதை எறிந்தவுடன் இழுக்கலாகாது. குழாயின் உள்ளே ஈயத் தலையைச் செருகி, நூலைத் தொய்வாக விட்டால் அது சுழன்று சுழன்று கீழிறங்கும். பெரும்பாலான கொத்துகள் அந்த இறக்கத்திலேயே நிகழும். அடியைத் தொட்ட பின்பு கல்லுக்குக் கல் சிறிது சிறிதாக நகர்த்தி நிறுத்த வேண்டும். நூல் பக்கவாட்டில் நழுவினால், கையில் எதுவும் உணராவிட்டாலும், உடனே ரொட்டை உயர்த்திவிடுங்கள்.

கட்டையான இறப்பர்த் துண்டுகள் நெட் றிக் எனப்படும் முறைக்குரியவை. மீன் சோம்பியிருக்கும் நாட்களில் அவற்றை வெறுமனே அடியில் கிடத்தி வைப்பதே அம்முறையின் பெரும் பகுதி. பொப்பர் கோடைகாலத்தில் விடியலிலும் அந்தியிலும் பயன்படுவது.

ஜேர்க்பெயிற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். வசந்தத்தில் நீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது, தொய்ந்த நூலில் இரண்டு சுண்டல், பிறகு ஐந்து முதல் பத்து வினாடி அசையாத நிறுத்தம், மீண்டும் ஒரு சுண்டல் என்று அதை இயக்குகிறோம். அந்த நிறுத்தத்தின்போது இரை மேலெழாமலும் மூழ்காமலும் அந்தரத்தில் நிற்க வேண்டும். பின்னால் வந்து பார்த்துக்கொண்டிருக்கும் மீன் அப்போதுதான் பாயும். அப்படி நிற்கும்படி அதன் எடையை நன்னீருக்கென்றே அமைத்திருக்கிறார்கள். கடல்நீர் அதைவிட அடர்த்தியானது என்பதால், உங்கள் கையில் அது மெல்ல மேலே மிதந்துவிடும். 14 கிராம் எடையுள்ள இரைக்கு ஏறத்தாழ 0.3 கிராம் கூட்டினால் மீண்டும் நிலைபெறும். ஆகவே மெல்லிய மும்முட்களைக் கழற்றிவிட்டுத் தடித்தவற்றைப் பூட்டுங்கள். உங்கள் முள் விரிந்த குறையும் இரை மிதக்கும் குறையும் அந்த ஒரு மாற்றத்திலேயே தீரும்.

இன்னுமொன்று. ஆண் மீன்தான் சரளைக்கல்லில் கூடு அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கிறது. அதனால் இங்கே பல பகுதிகளில் ஜூன் பிற்பகுதி வரை அதைப் பிடித்து வைத்திருக்க அனுமதியில்லை. கூட்டிலிருக்கும் மீன் எதை எறிந்தாலும் எதிர்த்துப் பாயும். அதைப் பிடிப்பதை நான் மீன்பிடியாகவே கருதுவதில்லை.

கொட்டியாரக் குடா

மூதூரிலிருந்து எழுதுகிறேன். மேலே ஐயா சொன்னவை எல்லாம் தெளிவாக இருக்கின்றன. நம் பக்கத்து நடைமுறையை மட்டும் சேர்க்கிறேன்.

கொடுவாவுக்கு ரியூப் இரையைக் கொண்டு காத்திருப்பது வீண் முயற்சி என்பதே என் எண்ணம். அது கண்டல் வேர், பாலத் தூண், கவிழ்ந்த மரம் போன்ற மறைவில் தலையை நீரோட்டத்தை நோக்கி வைத்து நின்று, அடித்து வரப்படும் மணலை மீன் குஞ்சையும் இறாலையும் விழுங்கும் மீன். எனவே ஜேர்க்பெயிற்றைத் தூணுக்கு நீரோட்டம் வரும் பக்கத்தில் எறிந்து, தூணின் நிழலுக்குள் வந்தவுடன் நிறுத்துங்கள். நம் நீர் வெதுவெதுப்பானது என்பதால் பத்து வினாடி தேவையில்லை. இரண்டு அல்லது மூன்று வினாடி போதும். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றரை எட்டாவிட்டாலும், தம்பலகாமக் குடாவிலிருந்து நீர் வெளியேறும் அந்தக் கிண்ணியாப் பாலத்து ஒடுக்கத்தில் ஓட்டம் நன்றாகவே இருக்கும். வற்று தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

ஐப்பசிக்குப் பிறகு மகாவலி கலங்கி வந்து கொட்டியாரக் குடாவில் கலக்கும் காலத்தில் வெள்ளி நிறம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது கறுப்பு அல்லது அடர்ந்த பொன்னிறமே உதவும்.

ரியூப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது கணவாய்க் குஞ்சைப் போல இருப்பது நமக்குப் பயன்படும். கற்பாரின் ஓரத்தில், ஐயா சொன்னபடியே தொய்ந்த நூலில் இறக்கினால், விளைமீனும் கலவாயும் எடுக்கும். சென்ற வைகாசியில் நானே அவ்வாறு மூன்று விளைமீன் பிடித்தேன்.

நிலாவெளிப் பாரை

சுருக்கமாக இரண்டு செய்திகள். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தியைப் போன்றது. பாஸ் மீனுக்குரிய, 10 இறாத்தல் தாங்கும் தங்கூசியை அது ஒரே உதறலில் அறுத்துவிடும். 40 இறாத்தலுக்குக் குறையாத தடித்த தங்கூசியை முன்பக்கம் ஒரு முழ நீளமாவது கட்டுங்கள். மீனைத் தூக்கும்போதும் செவுளுக்குள் விரலை விடாதீர்கள். சீலா திரியும் இடமாயின் கம்பி இல்லாமல் நல்ல இரையை எறிய வேண்டாம்.

பொப்பரைப் பாறைக் கரைகளில் விடியற்காலையில் பாரைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அதன் எல்லைக்குள் எதையும் எறியக்கூடாது. வீடு திரும்பியதும் இரைகளையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். நன்னீருக்காகச் செய்த முட்கள் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்.

உப்புவெளி வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தடித்த மும்முட்களை வாங்கிப் பூட்டி, முதலில் வீட்டில் ஒரு வாளி கடல்நீரில் இரையை அமிழ்த்திப் பார்த்தேன். பழைய முட்களோடு மெல்ல மேலே வந்த இரை, புதியவற்றோடு வாளியின் நடுவிலேயே அசையாமல் நின்றது. அதைக் காண்பதற்காகவே என் மகளையும் அழைத்துக் காட்டினேன்.

நேற்று வற்று தொடங்கும் வேளையில் பாலத்தடிக்குச் சென்றேன். எட்டாவது எறிதலில் இரையைத் தூணின் நிழலில் நிறுத்தி, மனதுக்குள் இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் நூல் இடப்பக்கமாக நழுவியது. ஐயா எழுதியிருந்தது நினைவுக்கு வர, கையில் கொத்து எதுவும் தெரியாத போதும் ரொட்டை உயர்த்தினேன். கொடுவா 58 சென்ரிமீற்றர் இருந்தது. முட்கள் மூன்றும் வளையவில்லை. நாளை மறுநாள் ரியூப்போடு கற்பார்ப் பக்கம் போகிறேன். அங்கே எத்தனை கிராம் ஈயத் தலை பொருந்தும் என்பதை மூதூர் அண்ணா தெரிவிக்க வேண்டும்.