பிளானட் எர்த் 2: ஆறு பாகங்களில் எது முதலில், எது கடைசியில்?

பாலாற்றங்கரை:
காட்பாடி பக்கம் ஒரு பள்ளியில் பசுமைப் படை பிள்ளைகளுக்கு ஆறு சனிக்கிழமை, பிற்பகல் 3 மணிக்கு பிளானட் எர்த் 2 என்ற பிபிசி இயற்கை ஆவணத் தொடரைப் போடப் போகிறோம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் 60 பேர். தீவுகள், மலைகள், காடுகள், பாலைவனங்கள், புல்வெளிகள், நகரங்கள் என்று 2016-இல் ஒளிபரப்பான வரிசையிலேயே போடலாமா? உங்கள் தரவரிசை என்ன? 3000 லூமன் (வெளிச்ச அளவு) புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு லேப்டாப் இருக்கிறது.

கல்கௌதாரி:
என் வரிசை: தீவுகள், பாலைவனங்கள், நகரங்கள், மலைகள், காடுகள், புல்வெளிகள்.

தீவுகளுக்கு முதலிடம் தருவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் ஃபெர்னாண்டினா தீவு. மணலிலிருந்து வெளிவரும் கடல் இகுவானா (பெரிய பல்லி வகை) குட்டியைப் பாம்புகள் கூட்டமாகத் துரத்துகின்றன. பாம்புக்குக் கண்பார்வை மந்தம், அசைவைத்தான் பிடிக்கும். அசையாமல் நிற்கும் குட்டிக்குப் பிழைக்க வழி உண்டு. இதைப் படம் ஓடுவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், அந்தக் குட்டி ஏன் நிற்கிறது என்று புரிந்து பார்ப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தத் துரத்தல் முழுக்க ஒரே குட்டியுடையது அல்ல, வெவ்வேறு குட்டிகளின் காட்சிகளைச் சேர்த்துத் தொகுத்தது. தயாரிப்பாளரே சொன்னதுதான். படத்தொகுப்பு என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாலைவனங்களில் ஆண் கல்கௌதாரி வயிற்றுச் சிறகில் தண்ணீரை நனைத்துக் குஞ்சுகளுக்கு எடுத்துப் போவதைத் தவறவிடாதீர்கள். சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் மோதும் காட்சியின் பரபரப்பில் அது மறந்துபோகும். புல்வெளிகள் மோசமில்லை, ஆனால் காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

ஜவ்வாது:
தீவுகளை முதலில் போடுவது சரி. ஆனால் நகரங்களை மூன்றாவதாக வைப்பதை ஏற்க மாட்டேன், நம் மாவட்டத்துக்கு அதுதான் முதன்மை. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் சிறுத்தையும் யானையும் வருவதைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிச் சிறுத்தைகள் இரவில் பன்றி பிடிப்பதை உடல் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவில் எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பயந்து எழுந்து போகக்கூடாது. அதனால் கடைசி வாரத்துக்கு வையுங்கள், முடிந்ததும் அரை மணி நேரம் பேச ஒதுக்குங்கள். பார்படோஸில் விளக்கு வெளிச்சத்தில் வழி தவறும் ஆமைக்குஞ்சுகள் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். படக்குழுவினர் கண்ணில் பட்டவற்றைக் கடலில் விட்டுவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

மெயின்பஜார்:
வரிசையை விடக் கூடம்தான் பிரச்சினை. பிற்பகல் 3 மணி வெயிலுக்கு 3000 லூமன் போதாது. 'காடுகள்' பாகத்தில் ஒளிரும் காளான்கள் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள், திரையை மூன்று மீட்டர் அகலத்துக்கு மேல் விரிக்காதீர்கள்.

4கே டிஸ்க் வேண்டாம். சாதாரண புரொஜெக்டரில் அதன் எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும்) நிறம் வெளிறிப்போகும். சாதாரண புளூ-ரே போதும். ஒலிதான் முக்கியம்: 5.1 தடத்தில் (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலி) வர்ணனை பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக இருக்கும். உங்களிடம் இருப்பதோ இரண்டு. லேப்டாப் அதைச் சரியாகக் கலக்காவிட்டால் இசை முழங்கும், வர்ணனையாளர் அட்டன்பரோவின் குரல் அமுங்கிவிடும். பிளேயரின் ஆடியோ அமைப்பில் ஸ்டீரியோ என்று மாற்றி, ஐந்து நிமிடம் ஓட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஆங்கில வசன வரிகளையும் போட்டு வையுங்கள்.

பாலாற்றங்கரை:
மிக்க நன்றி. தீவுகள் முதல் வாரம், நகரங்கள் கடைசி. ஒவ்வொரு பாகத்தின் முடிவில் வரும் படப்பிடிப்புக் குறிப்புகளை வெட்டிவிடலாமா?

ஜவ்வாது:
வெட்டாதீர்கள். பத்து நிமிடம்தான். மலைகள் பாகத்தில் பனிச்சிறுத்தைக்காக லடாக்கில் கேமராக்களைப் பொருத்திக் காத்திருந்ததை அங்கேதான் காட்டுகிறார்கள்.