மறுமொழி: வானூர்தி ஏற்றிய போர்க்கால வணிகக் கப்பல்களுக்குத் தமிழ்ச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் உலகப்போர் வரலாற்று நூலின் மொழிபெயர்ப்பு அச்சுக்குச் செல்லும் நாள் நெருங்கிவிட்டதால், வானூர்தி ஏற்றிய வணிகக் கப்பல்களுக்கு ஒரே சொல்லைத் தருமாறு மொழிபெயர்ப்பாளர் அம்மையார் நம்மிடம் கேட்கிறார். ஆனால் அவருடைய அத்தியாயத்தில் வருபவை இருவகைக் கப்பல்கள். இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கலாகாது.

1941இல் பிரிட்டன் கடலுக்கு அனுப்பிய முதல் வகையில், சரக்குக் கப்பலின் அணியத்தில் (முன்பகுதியில்) ராக்கெட் விசையால் இயங்கும் ஏவுபொறியும் அதன்மேல் ஒரு ஹரிக்கேன் போர் விமானமும் இருந்தன. திரும்பி இறங்கத் தளம் இல்லை. கரை எட்டாத் தொலைவில் விமானி கடலில்தான் விழவேண்டும். ஆகவே 'வானூர்தி தாங்கி' என்பதிலுள்ள 'தாங்கி' இதற்குப் பொருந்தாது. 'ஏவுகலம்' விண்வெளித் துறையில் வழங்கிவருகிறது. ஆகவே 'கவண்கப்பல்' என்கிறேன். தினைப்புனத்தில் விட்ட கல்லும் கவணுக்கு மீள்வதில்லை.

1943இல் எம்பயர் மெக்கால்பைன் என்னும் கப்பலுடன் தொடங்கிய இரண்டாம் வகை வேறு. தானியக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களுமாக 19 கப்பல்கள், மேலே பறப்புத் தளத்தில் மூன்று அல்லது நான்கு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்களையும், கீழே தமக்குரிய சரக்கையும் சுமந்து, வணிகக் கொடியுடனேயே அட்லாண்டிக்கைக் கடந்தன. இவற்றுக்கு நம்மில் ஒருவர் தந்த 'வணிக வானூர்தி தாங்கி' என்னும் முன்மொழிவு, வணிக வானூர்தியைத் தாங்குவது என்றும் பிரியும். பயணிகள் விமானத்தை ஏற்றிய கப்பல் என்றே மாணவர் கொள்வர். 'வானூர்தி தாங்கு வணிகக்கலம்' என வினைத்தொகையாக அமைத்தால் அந்த மயக்கம் இல்லை.

'கலம்' என்றால் பாத்திரம் நினைவுக்கு வரும் என்றார் ஒருவர். விண்கலமும் கலங்கரை விளக்கமும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தவை அல்லவா? புறநானூறு 30இல், மேற்பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகார் என்னும் ஆற்றுமுகத்துக்குள் புகும் 'பெருங்கலம்' வருகிறது. தன் சரக்கை இழக்காமல் வேறொரு பணியையும் ஏற்ற கப்பலுக்கு இதைவிடத் தகுந்த சொல் எனக்குத் தெரியவில்லை. கப்பலைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'வங்கம்' வேண்டாம், அது இன்று நிலப்பெயராகவே ஒலிக்கிறது. 'வலவன் ஏவா வானவூர்தி' என்னும் புறநானூற்று அடியைக் காட்டி விமானியை 'வலவன்' (ஊர்தியைச் செலுத்துபவன்) ஆக்கவேண்டும் என்னும் நம் ஐயா ஒருவரின் விருப்பத்தை மதிக்கிறேன். ஆயினும் போர் வரலாற்றை முதன்முறை படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் அகராதியைத் தேட நேர்ந்தால் நூல் தோற்றுவிடும்.

பெரும்பாலோர் 'கலம்' வேண்டாம், 'வணிகக்கப்பல்' போதும் என்கிறீர்கள். நூலின் உள்ளே அவ்வாறே வரட்டும். இறுதியிலுள்ள சொல்லடைவில் 'வணிகக்கலம்' என்பதையும் சேர்க்குமாறு அம்மையாரை வேண்டுகிறேன்.