வார்பர்குக்கு நோபல் எதற்கு? சர்க்கரைக் கட்சியும் மரபணுக் கட்சியும்

குன்னூர் வாத்தியார்:
காலையிலிருந்து நீலகிரிக் குழு ஒன்று விடாமல் ஒரே பதிவு சுற்றுகிறது. 'புற்றுநோய்க்குக் காரணம் சர்க்கரைதான். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்குக்கு 1931இல் நோபல் கிடைத்தது. மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன.' போட்டவர் நம் லவ்டேல் லோகு. தம்பி, அந்த நோபல், செல் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சுவாச நொதியைப் பற்றிய கண்டுபிடிப்புக்குக் கொடுத்தது. புற்றுநோய்க்கு அல்ல. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்தே ரிட்டயர் ஆனவன் சொல்கிறேன்.

லவ்டேல் லோகு:
வணக்கம் சார். யாரையாவது திருத்தாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராதே! வார்பர்க் 1920களில் என்ன பார்த்தார்? ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் கட்டியின் செல் குளுக்கோஸைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குகிறது. இன்றைக்கும் கோயம்புத்தூரில் பெட் ஸ்கேனுக்குப் போனால் கையில் ஏற்றுவது என்ன? கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ் மாதிரியான ஒன்று. கட்டி அதை இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஏன் தெரிகிறது?

குன்னூர் வாத்தியார்:
மூளையும் அதே ஸ்கேனில் பளிச்சென்றுதான் தெரியும், இருக்கிறவர்களுக்கு. வேகமாகப் பெருகும் நல்ல வெள்ளணுகூட இதே வேலையைச் செய்கிறது. அது விளைவு, தோற்றம் அல்ல. தோற்றம் மரபணுவில். ஜெர்மன் உயிரியலாளர் போவேரி 1914இலேயே, புற்றுக்குக் காரணம் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமின் கோளாறு என்று எழுதிவிட்டார். 1971இல் அமெரிக்க மருத்துவர் நுட்சன் குழந்தைகளின் விழித்திரைப் புற்றை வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு ஜீனுக்கு இரண்டு நகல். குடும்ப வழியில் வந்தால் ஒன்று பிறக்கும்போதே பழுது, மற்றதும் போனால் முடிந்தது. அதனால்தான் அந்தக் குழந்தைகளுக்குச் சீக்கிரமே வருகிறது, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும். இதில் சர்க்கரை எங்கே வந்தது? சரி, நோபல் எதற்கு? அதைச் சொல்லுங்கள்.

லவ்டேல் லோகு:
புற்றுநோய் ஆய்வுக்காகவும் அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார்கள். போய்ப் பாருங்கள்.

குன்னூர் வாத்தியார்:
பரிந்துரைத்தார்கள். கொடுத்தது எதற்கு?

கூடலூர்க்காரி:
இரண்டு பேரும் ஒரு செல்லுக்குள்ளேயே உட்கார்ந்து சண்டை போடுகிறீர்கள். வாத்தியார் ஐயா, 2015இல் நல்ல கண் இமைத் தோலை எடுத்துப் படித்தார்கள். புற்று எதுவும் இல்லாத தோல். அதில் ஏறக்குறைய கால்வாசி செல்களில், நீங்கள் சொல்கிற அதே புற்றுநோய் ஜீன்களில் மாற்றம். 2018இல் உணவுக்குழாயைப் பார்த்தால், அந்த ஜீன்களில் ஒன்றான நாட்ச்1இன் மாற்றம் புற்றுக் கட்டியைவிட வயதானவர்களின் நல்ல திசுவில்தான் அதிகம். மாற்றம்தான் காரணம் என்றால் இவர்களுக்கெல்லாம் ஏன் வரவில்லை?

சோனன்ஷைன், அனா சோட்டோ என்ற இரண்டு உயிரியலாளர்கள் 1999இலேயே இதைப் புத்தகமாகப் போட்டுவிட்டார்கள்: கெடுவது தனிச் செல் அல்ல, திசுவின் ஒழுங்கு. 1975இல் மின்ட்ஸ், இல்மென்சே என்ற ஆய்வாளர்கள் எலியின் புற்றுச் செல்லை எலிக் கருவுக்குள் வைத்தார்கள். நல்ல எலி பிறந்தது. முதுமலைக் காட்டை ஆக்கிரமித்த உண்ணிச்செடி (லாந்தானா) மாதிரிதான் இது. விதையில் ஒன்றும் இல்லை, காடு கெட்ட இடத்தில்தான் அது புகுந்தது.

மசினகுடி மணி:
அக்கா, உண்ணிச்செடியை வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்து வைத்தான். விதை வராவிட்டால் காடு எவ்வளவு கெட்டாலும் செடி ஏது? நீங்கள் வாத்தியார் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். அப்புறம், எங்கள் ஆனைக்கு உடம்பில் எத்தனை செல்! அந்தக் கணக்குக்கு அதற்குத்தான் அதிகமாகப் புற்று வர வேண்டும், வருவதில்லை. புற்றைத் தடுக்கும் டிபி53 ஜீன் நமக்கு ஒரு ஜோடி. ஆப்பிரிக்க ஆனைக்கு இருபது ஜோடி. இதற்கு உங்கள் திசு ஒழுங்கு என்ன பதில் சொல்லும்?

கூடலூர்க்காரி:
தம்பி, உண்ணிச்செடி வெட்டும் கூலி வேலையை எங்கள் வீட்டார் செய்திருக்கிறார்கள். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கோத்தகிரி நர்ஸ்:
ஒரு சின்னக் கேள்வி. 'காரணம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? முதல் செல் மாறுவதையா, கட்டி வளர்வதையா? கருப்பைவாய்ப் புற்றில் பாப்பிலோமா வைரஸ் இருக்கிறது. அதை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

குன்னூர் வாத்தியார்:
லோகு இன்னும் பதில் சொல்லவில்லை. நோபல் என்றாலே வேதவாக்கா? 1926இல் ஃபிபிகருக்குக் கொடுத்தார்கள், புழுவால் எலிக்கு வயிற்றுப் புற்று வருகிறது என்றதற்கு. அது தப்பு என்று பிறகு தெரிந்தது. 1915இல் முயலின் காதில் கரித்தார் தடவித் தடவி நிஜமாகவே புற்றை வரவழைத்த யாமகிவாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பேட்டன் ரவுஸ் 1911இல் கோழிக் கட்டியில் வைரஸைப் பிடித்தார், நோபல் 1966இல். அந்த நோபல் உரையிலேயே மரபணு மாற்றக் கொள்கையை மறுத்தார். பத்தே வருடத்தில், 1976இல், பிஷப்பும் வார்மஸும் அவர் வைரஸில் இருந்த புற்று ஜீனே கோழியின் சொந்த ஜீன்தான் என்று காட்டினார்கள். 1989இல் அவர்களுக்கும் நோபல். யார் ஜெயித்தது?

லவ்டேல் லோகு:
அப்படியானால் நோபல் வாங்கியவரே மரபணுக் கதையை மறுத்தார் என்கிறீர்கள். மிக்க நன்றி சார், இதை எல்லாக் குழுவிலும் போடுகிறேன்.

குன்னூர் வாத்தியார்:
பாதியை வெட்டிப் போடுவதில்தான் உங்களுக்குப் பழக்கமாயிற்றே. போடும்போது 1931 எதற்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கோத்தகிரி நர்ஸ்:
என் கேள்வியை யாரும் தொடவில்லை, பரவாயில்லை. லோகு அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வார்டில் ஒரு அம்மா சோற்றையும் பழத்தையும் நிறுத்திவிட்டார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. அடுத்த கீமோவுக்கு உடம்பில் தெம்பு வேண்டாமா?

லவ்டேல் லோகு:
சோற்றை நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தச் சொன்னேன். ராகி மால்ட் குடிக்கச் சொன்னேன்.

மசினகுடி மணி:
ராகி மால்ட் உங்கள் கடையிலேயே கிடைக்கும், அதையும் சொல்லுங்கள் அண்ணா. அப்புறம், ராகி வயிற்றுக்குள் போனால் என்னவாக மாறும்? குளுக்கோஸாகத்தானே?

லவ்டேல் லோகு:
வந்துவிட்டார்! போன வருடம் சீகை (வாட்டில்) மரம் வெட்டுவது பற்றிய விவாதத்திலும் வாத்தியாரும் நீங்களும் கூட்டு சேர்ந்துதான் என்னை மர வியாபாரி என்றீர்கள். நான் இன்னும் மறக்கவில்லை.

கூடலூர்க்காரி:
கண் இமைக்கு இன்னும் பதில் வரவில்லை வாத்தியார் ஐயா.

குன்னூர் வாத்தியார்:
மேடம், ஒரு மாற்றம் போதும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, பல சேர வேண்டும். இமையை எத்தனை முறை காட்டினாலும் இதுதான் பதில். லோகு, சீகை விஷயத்தில் சொன்னது சொன்னதுதான். வெட்டிய மரம் யார் லாரியில் மேட்டுப்பாளையம் இறங்கியது என்பதற்கு ஏல ரசீதைப் போடுங்கள், பேசலாம்.