கூரை வெட்டிய பழைய பிக்கப்: கண்ணில் உறுத்தியவை

தகட்டுச்சுத்தி:
1951 செவர்லே 3100, பின்மூலைகளிலும் கண்ணாடி வச்ச ஐந்து கண்ணாடி கேபின். வண்டி தாழ்வாத் தெரியக் கூரையில் மூன்று இன்ச் குறைக்கணும். தூண்கள் எல்லாம் வெட்டி, கூரையை நேராக் கீழே இறக்கி, பின்பக்கத்தோடு ஒட்டி வச்சாச்சு. முன்னால் வந்து பார்த்தா ஏ பில்லரின் (முன்கண்ணாடியின் பக்கத் தூண்) மேல்துண்டு கீழ்த்துண்டுக்கு ஒன்றரை விரல்கடை பின்னால் நிக்குது. வெட்டினவர் கையில் டேப்பை வச்சுக்கிட்டு, திரும்பத் திரும்ப அதே இடத்தை அளந்துக்கிட்டே இருந்தார். அளவு மாறவே இல்லை. அந்தக் காட்சிதான் இன்னும் உறுத்துது.

கணக்கு சின்னதுதான். தூண் செங்குத்திலிருந்து 20 டிகிரி பின்னால் சாய்ஞ்சிருந்தா, மூன்று இன்ச் எடுக்கும்போது 1.09 இன்ச் விலகும். அதாவது 28 மி.மீ. கேபினின் பின்சுவரும் மேலே போகப்போக முன்பக்கம் சரியும், அதோட விலகலையும் இதோட கூட்டணும். மொத்தத்தையும் கூரைத் தகட்டில்தான் தேடிப் பிடிக்கணும்: கூரையைக் குறுக்கே வெட்டி, அந்த அகலத்துக்கு ஒரு பட்டை வச்சு நீட்டணும். வேண்டாம்னா ஏ பில்லரின் அடியில் பாதி வெட்டுப் போட்டுப் பின்னால் சாய்க்கலாம். ஆனா அப்போ கதவுச் சட்டத்தின் முன்காலும் அதே அளவு சாயணும், முன்கண்ணாடி வாயின் வடிவமும் மாறும்.

நீளத்தைப் பார்க்கிறவங்க அகலத்தை மறந்துடுறாங்க. கதவுக்கு மேலே தூண்கள் உள்பக்கமாவும் சரியுது. 4 டிகிரின்னே வச்சுக்குங்க, மூன்று இன்ச்சுக்குப் பக்கத்துக்கு 5 மி.மீ., ரெண்டு பக்கமும் சேர்த்து 10 மி.மீ. அதனால நெடுக்கேயும் ஒரு வெட்டு வரும். கூரை நாலு துண்டாகும். நாலு துண்டாக்கப் பயமா இருந்தா மூன்று இன்ச் ஆசையை விட்டுடுங்க, ரெண்டு இன்ச்சே போதும்.

ஃபிளாட்ஹெட்53:
நண்பரே, கணக்கு சரி, தொடங்கின இடம் தப்பு. கூரையில எத்தனை இன்ச்னு முடிவு பண்ணும்போது அந்த வண்டி எதுமேல நின்னுச்சு? மரக்கட்டைமேலயா, இல்ல பூட்டப்போற அதே டயர்மேலயா? நான் கேள்விப்பட்ட முக்கால்வாசிக் கூத்து இங்கதான் ஆரம்பிக்குது. பழைய உயரமான டயரோட நிக்கிற வண்டியைப் பார்த்து "கேபின் தொப்பி வச்ச மாதிரி இருக்கு"ன்னு நாலு இன்ச் வெட்டுவாங்க. அப்புறம் முன்பக்கம் மஸ்டாங் 2 காரோட வகை சஸ்பென்ஷன் போட்டு வண்டியை அஞ்சு இன்ச் இறக்குவாங்க. இப்போ தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு சந்து வழியாத்தான் ரோட்டைப் பார்க்கணும், சிக்னல் விளக்கு தெரியாது.

முதல்ல சஸ்பென்ஷன், டயர், ரிம். எஞ்சின் எடை இல்லேன்னா அந்த எடைக்கு மணல்மூட்டையாவது ஏத்தணும். மட்கார்டைப் பூட்டணும். மஸ்டாங் 2 வகையில ஹப்புக்கு ஹப் 56½ இன்ச். ஆஃப்செட் (ரிம் உள்ளே வெளியே தள்ளி உட்கார்ற அளவு) தப்பான ரிம் போட்டா, முழுசா ஒடிக்கும்போது டயர் மட்கார்டு விளிம்பைக் கடிக்கும். சக்கரம் மட்கார்டு வாய்க்கு நடுவுல நிக்குதான்னும் இப்பவே பாருங்க, வண்டியை இறக்கினா கொஞ்சநஞ்ச விலகலும் பளிச்சுன்னு தெரியும். அப்புறம் தள்ளி நின்னு, லென்ஸை வண்டி நடு உயரத்துல பிடிச்சு, பக்கவாட்டுல ஒரு படம். பக்கத்துல நின்னு எடுத்தா நடுப்பகுதி உப்பித் தெரியும், அந்தப் படத்துல போடுற கோடு எல்லாம் பொய். பிரிண்ட் போட்டுக் கூரையைக் கத்தரிச்சு இறக்கிப் பாருங்க. காகிதம் கெட்டா இன்னொரு காகிதம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. எல்லா வண்டியையும் ஒரே தராசுல போடாதீங்க. 3100-க்கு 1953 வரைக்கும் முன்கண்ணாடி ரெண்டு தட்டைத் துண்டு, லேமினேட் கண்ணாடியா வாங்கி எந்தக் கடையிலயும் வெட்டிக்கலாம். 1956 ஃபோர்டு எஃப் 100 அப்படியில்ல. பக்கவாட்டுல வளைஞ்சு சுத்தி வர்ற முன்கண்ணாடி. அதுல மூன்று இன்ச் எடுக்கணும்னா மணல் பீய்ச்சித்தான் மெல்ல அறுக்கணும், விரிசல் விட்டா காசு போச்சு. கண்ணாடியை வெட்டாம அப்படியே அதுக்கு அடியில இருக்கிற கௌல் தகட்டுக்குள்ள இறக்கி உட்கார வைக்கிற வழி உண்டு. நான் அதைத்தான் சொல்வேன்.

உங்க 3100-ல கேபின் மூலைக் கண்ணாடியை என்ன பண்ணாங்க? அது வளைஞ்ச கண்ணாடியாச்சே. டெம்பர் பண்ணினதா இருந்தா கட்டர் பட்டதும் கல்கண்டாக் கொட்டிடும்.

தகட்டுச்சுத்தி:
மூலைக் கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் தொடலை. கண்ணாடி வாய் மூணையும் முழுசா ஒரே துண்டா வெட்டி எடுத்து, அதுக்குக் கீழே இருந்த தகட்டைக் குறைச்சு, துண்டை இறக்கி வெல்டிங்கில் பத்த வச்சாங்க. அது மட்டும்தான் அந்த வண்டியில உருப்படியா நடந்த வேலை. டயர் விஷயம் நீங்க சொன்னது சரி, மரக்கட்டைமேலதான் நின்னுச்சு.

ரசமட்டம்:
கூரை இருக்கட்டும், கதவு இடுக்கைப் பத்தி யாரும் பேசலையே. ஒரு ஃபோர்டு எஃப் 1 கேபின். உள்ளே ஒரு குறுக்குக் குழாய்கூட வைக்காமல் கூரையை அறுத்து எடுத்திருந்தார்கள். மறுநாள் கதவை மாட்டினால் மேலே 3 மி.மீ. இடுக்கு, கீழே 9. துருப்பிடித்த கேபினில் பக்கங்களை இழுத்துப் பிடித்திருந்ததே அந்தக் கூரைதான். அதைக் கழற்றியதும் பக்கச்சுவர்கள் மலர்ந்துவிட்டன.

வரிசை மாறக்கூடாது. தரைத்தகடு, கேபின் மூலை, கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர் மூன்றிலும் துரு வேலை முதலில் முடியணும். கேபின் சேஸிஸில் போல்ட் போட்டு நிற்கணும். புது கீல் ஊசி போட்டுக் கதவு இடுக்கை 4 அல்லது 5 மி.மீ.க்குச் சமமாக்கணும். அதற்குப் பிறகுதான் ஒரு இன்ச் சதுரக் குழாய்: ஒவ்வொரு கதவு வாயிலும் ஒரு பெருக்கல்குறி, இடமிருந்து வலமாக டேஷ் உயரத்தில் ஒன்று, கண்ணாடிவாய்க்குக் கீழே ஒன்று. கதவைத் திறந்து மூட இடம் விட்டு உள்பக்கமாக வையுங்கள். எல்லா வெட்டும் இந்தக் குழாய்களுக்கு மேலேதான் வரணும். தூக்குக்குண்டு ஒன்றைக் கூரை நடுவிலிருந்து தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்துவிட்டால், இறக்கிய பிறகு கூரை கோணியதா என்று டேப் இல்லாமலே தெரியும்.

கூரையையும் கதவுச் சட்டத்தையும் ஒரே நாளில் அறுக்காதீர்கள். முதலில் கூரை இறங்கிப் பத்து இடத்தில் டாக் (தற்காலிகப் பொட்டு வெல்டிங்) பிடிக்கட்டும். அந்த வாய்க்கு ஏற்பக் கதவுச் சட்டம். முன்கண்ணாடிக்கு அட்டை வெட்டி வைத்துப் பாருங்கள். மூலையில் 6 மி.மீ. இடித்தாலும் டாக்கை உடைத்துத் திருத்த அப்போது முடியும்.

பற்றாசு:
டாக்கோடு நிறுத்தினீர்களே, அதற்குப் பிறகுதான் கெடுக்கிறார்கள். வெல்டிங் கோட்டின்மேல் ஈரத்துணி வைத்து "சூடு தணிக்கிறேன்" என்று வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கூரையில் அலை அலையாகச் சுருக்கம். இந்தத் தகட்டில் கார்பன் குறைவு, தண்ணீரால் பெரிதாகக் கடினமாகாது, அது பயமில்லை. ஆனால் வெல்டிங் பற்று ஆறும்போது சுருங்கத்தான் செய்யும், துணி அதைத் தடுக்காது. சுருங்கியதைத் திரும்ப நீட்ட ஒரே வழி, பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பற்றின்மேலேயே சுத்தியால் தட்டுவது.

18 கேஜ் தகட்டுக்கு மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் 75, கார்பன் டை ஆக்சைடு 25. இன்ச்சுக்கு ஒரு டாக், அடுத்தது எதிர்முனையில். கையால் தொட முடிகிற சூட்டுக்கு வந்தபிறகுதான் பக்கத்து டாக். மிக் பற்று கெட்டி, தட்டுவதற்கு முன் கிரைண்டரில் உயரத்தைக் குறைக்கவேண்டும். பின்பக்கம் கை போகிற இடத்தில் டிக் வெல்டிங் வைத்தால் பற்று மிருதுவாக இருக்கும், சுத்திக்கு வளையும்.

முடிந்ததும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கேபினுக்குள் ஒருவர் டார்ச் அடிக்கட்டும், வெளியே ஒருவர் நிற்கட்டும். பற்றுக்கோட்டில் நட்சத்திரம் மாதிரி ஊசிமுனை வெளிச்சம் தெரியும். ஒவ்வொன்றையும் அடைக்கணும். பட்டிக்கு ஈரம் உறிஞ்சும் குணம் உண்டு. அந்தத் துளை வழியாகப் பின்னாலிருந்து ஈரம் ஏறினால், வெட்டிய இடத்தை நூல் பிடித்த மாதிரி பெயின்ட் கொப்புளிக்கும். எங்கே வெட்டினீர்கள் என்று வண்டியே ஊருக்குச் சொல்லிவிடும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தூண் இணைப்புக்குப் பட்டியைவிட ஈயம் நல்லது. 30 வெள்ளீயம், 70 ஈயம் கலந்த குச்சி. 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், 255-ஐ ஒட்டித்தான் முழுசாக உருகும். நடுவில் வெண்ணெய்ப் பதம், வேலை அந்தப் பதத்தில்தான். தகடு பளபளவென்று இருக்கவேண்டும், முதலில் வெள்ளீயப் பூச்சு, பருத்தித் துணியால் துடைப்பு. மரத் துடுப்பில் தேன்மெழுகு தடவவில்லை என்றால் ஈயம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கிரைண்டர் கூடவே கூடாது, ஈயத்தூள் நுரையீரலுக்குப் போகும். வளைபல் அரம் மட்டும், மாஸ்க்கோடு. கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைக்கவேண்டும். வெள்ளீயப் பூச்சோடு சேர்த்த ஃபிளக்ஸின் அமிலம் மிச்சமிருந்தால், அடித்த பெயின்ட் சில மாதத்தில் பொரிப்பொரியாக எழும்பும்.

ஃபிளாட்ஹெட்53:
ஈயம் நல்லதுதான், யார் இல்லேன்னா. 3 மி.மீ.க்கு உள்ள பட்டியும் கெடாது. தகட்டைத் தட்டி நேராக்கச் சோம்பல்பட்டு விரல் தடிமனுக்கு அப்பினாத்தான் வெடிக்கும். ஈயத்தையும் அப்படி அப்புறவங்க இருக்காங்க.

பின்பெட்டி:
கேபினோட நின்னுட்டீங்க. 3100-ல வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல) 116 இன்ச், பின்னால சரக்கு ஏத்துற தொட்டி 78 இன்ச். தொட்டி நீளமாத் தெரியுதுன்னு மட்கார்டுக்கு முன்னால 8 இன்ச் வெட்டி எடுத்த வண்டி ஒண்ணு. தொட்டியைக் கேபினோட ஒட்டினா மட்கார்டு 8 இன்ச் முன்னால வந்துடுச்சு, ஆக்சில் பழைய இடத்துலயே நிக்குது. டயர் மட்கார்டுக்கு வெளிய எட்டிப் பார்க்குது. மட்கார்டுக்கு முன்னால எடுத்தா ஆக்சிலும் நகரணும், புரொபெல்லர் ஷாஃப்ட்டும் அதே 8 இன்ச் குறையணும், பிரேக் குழாயும் புதுசா வளைக்கணும். பின்னால எடுத்தா சேஸிஸ் வாலை மட்டும் வெட்டினாப் போதும், ஆனா பார்வைக்குப் பெரிசா மாறாது. எது வேணும்னு சாக்பீஸ்ல கோடு போடும்போதே முடிவாகணும்.

தொட்டித் தரையில பலகைக்கு நடுவுல ஓடுற இரும்புப் பட்டையைக் கண்டபடி வெட்டாதீங்க. அதுல போல்ட் துளைகள் அடியில இருக்கிற குறுக்குச் சட்டத்தோட இடைவெளிக்கு அடிச்சது. ஒரு முனையில வெட்டினா எல்லாத் துளையும் தள்ளிப்போகும். சட்டத்தை நகர்த்துறதா, துளையை அடைச்சுப் புதுசாப் போடுறதான்னு முதல்லயே பாருங்க.

வண்டியை ரொம்ப இறக்க, ஆக்சிலுக்கு மேலே சேஸிஸில் சி நாட்ச் (சி வடிவ வெட்டு) போட்டா, ஆக்சில் மேலே வர்ற உயரத்துக்குத் தொட்டித் தரையையும் தூக்கணும். அதை மறந்த வண்டியில முதல் பள்ளத்துலயே ஆக்சில் நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியல் பலகையை முட்டும்.

ஆறுவோல்ட்:
சின்ன விஷயம். கதவுக் கைப்பிடியை எடுத்துட்டுத் தகடு அடைச்சு, கதவைத் திறக்க சாலினாய்டு (மின்காந்த இழுப்பான்) போடுறவங்க கவனிக்க. 1951 செவர்லே ஆறு வோல்ட். 12 வோல்ட் சாலினாய்டு அதுல முனகும், இழுக்காது. 12-க்கு மாத்தி, ரிலே வச்சு, தடிமன் ஒயர் போடுங்க. பழைய தாழ்ப்பாளுக்குப் பதில் நகம் மாதிரி கவ்வுற கரடிநகத் தாழ்ப்பாள் போட்டா இழுவை குறையும். எது எப்படியோ, ஃபுட்போர்டுக்கு அடியில கை எட்டுற இடத்துல ஒரு கேபிள் இருக்கட்டும். பேட்டரி செத்து, ரெண்டு கண்ணாடியும் ஏத்தி, சாவி உள்ள தொங்கிக்கிட்டிருந்த வண்டியைச் சுத்தி நாலு பேர் நின்ன கதை எல்லாருக்கும் தெரியும்.

ரசமட்டம்:
தகட்டுச்சுத்தி, அந்த 3100-ல் கதவுக்கு மேலே இருக்கும் மழைநீர் விளிம்பையும் எடுத்தார்களா?

தகட்டுச்சுத்தி:
எடுத்தாங்க. ஒரே இழுப்புல முழு நீளத்துக்கும் கிரைண்டர் ஓட்டிட்டாங்க. கூரைத் தகடும் உள்சட்டமும் ஸ்பாட் வெல்டு ஆகியிருந்ததே அந்த விளிம்புலதான். வெட்டு முடிஞ்சதும் கூரை சட்டத்தை விட்டு மேலே எழும்பிடுச்சு. ரெண்டு இன்ச் வெட்டு, பத்த வை, தள்ளிப் போய் இன்னொரு ரெண்டு இன்ச் வெட்டுன்னுதான் போயிருக்கணும். கிளாம்ப் போட்டு இழுத்து ஒட்டினாங்க.

இப்போ மழை பெஞ்சு முடிஞ்சு கதவைத் திறந்தா கூரைத் தண்ணி நேரா சீட்டுல. கதவு வாய்க்குள்ள, ரப்பர் பீடிங்குக்கு மேலே, 5 மி.மீ. கம்பியை வளைச்சுப் பத்த வச்சு ஒரு வாய்க்கால் விட்டிருக்காங்க. கம்பி முனை ஏ பில்லர் பக்கம் முடியுது. தண்ணி இப்போ டிரைவர் முழங்கால்ல சொட்டுது.